எட்டுப் பேருக்கு ஒரு மாளிகை

கிளென் ரைமர் பன்னிரண்டு வருஷமாக ஓர் அர்மீனிய வீட்டு மாப்பிள்ளை. பன்னிரண்டு வருஷமும் அவனுக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. அவனுடைய ஒரே துக்கமும் அதுதான்.

மாமியார் அரக்சி, பெற்ற மகன் ஆராவை வாசலில் கண்டதுமே தொடங்கிவிடுவாள். முடி ஏன் இப்படி வளர்ந்து கிடக்கிறது, செருப்பை எங்கே விடுகிறாய், போன் என்ன அலங்காரத்துக்கு வைத்திருக்கிறாயா. சட்டி விழுந்த மாதிரி இருக்கும். பின்னாலேயே கிளென் நுழைந்தால் அதே தொண்டை பட்டுத் துணியாகிவிடும். "வாங்க கிளென், உட்காருங்க. வெளியில வெயில் அதிகமோ?" கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஜூன் மாதத்தில் வெயில் அதிகமா என்று விருந்தாளியிடம்தான் கேட்பார்கள். வீட்டு ஆளாக இருந்தால், வரும்போதே ஐஸ் வாங்கி வரத் தெரியாதா என்று கேட்பார்கள்.

கிளெனின் தொழில் கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பது. அரக்சியின் கொழுந்தன், எண்பத்து நாலு வயது மிஹ்ரானின் திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால், இடுப்பளவு சேற்றில் இறங்கி அவன்தான் ஓட வைப்பான். கரை ஏறியதும் தோளைத் தட்டி, "எங்க ஓதார் தங்கமானவன்" என்பார் கிழவர். ஓதார் என்றால் அயலான். தங்கமாகவே இருந்தாலும் அயலான் அயலான்தான்.

இந்த நிலையில் அரக்சிக்கு எண்பது வயது வந்தது. குடும்பம் முழுக்க, பதினாலு பேரும், ஜூலையில் ஒரு வாரம் கடலோரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சாதாரணமாக இல்லை, படாடோபமாக. ஏற்பாட்டை ஆரா செய்தால் மிஹ்ரான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மிஹ்ரான் செய்தால் அரக்சியின் தங்கை சத்தேனிக் வரமாட்டாள். சத்தேனிக் செய்தால் யாருமே வரமாட்டார்கள். கடைசியில், யாருக்கும் கோபித்துக்கொள்ளத் தோன்றாத ஓர் ஆளாகப் பார்த்து ஒப்படைத்தார்கள்.

கிளென் இதைக் கௌரவம் என்று எடுத்துக்கொண்டான். இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டால் போதும், இனி வெயிலைப் பற்றி யாரும் தன்னிடம் விசாரிக்க மாட்டார்கள் என்று நம்பினான்.

அவன் ரீட்லி ஊரில், மென்னோனைட் என்கிற எளிமையான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா வீட்டில் "காபி வேணுமா?" என்று ஒரு தடவை கேட்பார்கள். வேண்டாம் என்றால் கெண்டி அடுப்புக்குத் திரும்பிவிடும். அதற்காக யாரும் அழுததில்லை. மாமியார் வீட்டிலோ அவனை யாரும் எதையும் கேட்டதே கிடையாது. தட்டில் தானாக விழும். பேச வேண்டியதையெல்லாம் மனைவி தலீன் பேசிவிடுவாள். இந்தத் தடவை அவளும் கையை விரித்தாள்.

"நம்ம கல்யாணத்த நான்தான் ஏற்பாடு பண்ணேன். அப்ப கொட்டின முடி இன்னும் வளரல. நீயாச்சு, அவங்களாச்சு."

கிளென் ஓர் அட்டவணை போட்டான். பெயர், வருகிறீர்களா இல்லையா, மெத்தை கெட்டியா மெதுவா, முழங்கால் நிலவரம். அரக்சியின் பேரப்பிள்ளைகள், அந்தச் சின்னவர்கள் ஐந்து பேரும், அரை நிமிஷத்தில் கட்டைவிரலை உயர்த்திப் பதில் அனுப்பிவிட்டார்கள். பெரியவர்களுக்குப் போன் போட்டான்.

"நாங்க எதுக்குப்பா?" என்றார் மிஹ்ரான். "நானும் கிழம், என் பொண்டாட்டியும் கிழம். சின்னஞ்சிறுசுங்க போய் சந்தோஷமா இருந்துட்டு வாங்க."

"சரிங்க மாமா," என்றான் கிளென்.

"சரியா?" என்றார் கிழவர். "சரிங்க மாமா, உடம்பப் பாத்துக்குங்க," என்று இவன் அன்போடு வைத்துவிட்டான்.

சத்தேனிக் சித்தி, "எனக்கென்ன கடல்? மீன்தான் கடையிலயே கிடைக்குதே," என்றாள். இல்லை என்று குறித்தான். ஆரா, "கடைய யார் பாத்துக்குவா மச்சான்? என்னையும் அவளையும் விட்டுரு," என்றான். இரண்டு இல்லை. ஆராவின் மாமியார், "நான் யாரு, சம்பந்தி வீடு. எனக்கு என்ன உரிமை இருக்கு?" என்றாள். உரிமைப் பிரச்சினையில் தலையிட அவனுக்கு விருப்பமில்லை; அவளுக்கும் இல்லை என்றே குறித்தான். கடைசியாக அரக்சியையே கேட்டான். "இந்தக் கிழவிக்கு எதுக்குங்க அதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க." பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தான். பிறந்தநாளே அவளுடையது என்பதால், மனசாட்சியை அடக்கிக்கொண்டு, வருகிறாள் என்று பொய்யாகக் குறித்தான்.

ஆக எட்டுப் பேர். ஆறு பேர் வரவில்லை. நான் ஏற்பாடு செய்வதால்தானே வரவில்லை என்று உள்ளே ஒரு முள் குத்தியது. ஆனாலும் வருகிறவர்களாவது மகாராஜாக்களாக இருக்கட்டும் என்று, கார்மெல்லில் பாறை முனையில் நிற்கிற ஒரு மாளிகையைப் பிடித்தான். நடக்கும்போது காலுக்கு இதமாகச் சுடுகிற தரை. ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி. துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைக்க ஓர் அம்மாள். மாடியில் பெரிய படுக்கையறை ஒன்று, மூன்று பக்கமும் கண்ணாடி, மூன்று பக்கமும் கடல். ஒரே நிபந்தனை: எட்டுப் பேருக்கு மேல் ஒரு தலை கூடாது. வாசலில் காவல்காரர் எண்ணித்தான் விடுவார்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் அரக்சி வீட்டில் கூடினார்கள். வெளியே நூற்றெட்டு டிகிரி. மிஹ்ரான் புத்தம்புதிய வைக்கோல் தொப்பியோடு வந்தார். உள்ளே வந்தும் கழற்றவில்லை.

"கிளென், எனக்குக் கடல் பக்கம் ரூம் வேணும்னு இல்ல. எங்க போட்டாலும் கிடப்பேன். ஆனா மாடிப்படி மட்டும் வேண்டாம். அப்புறம், கடல் தெரிஞ்சா நல்லது."

"நீங்க... வர்றீங்களா மாமா?"

"நல்லா கேட்டான் பாரு!" என்று சத்தேனிக் சிரித்தாள். "நான் யலாஞ்சி நானூறு சுருட்டி ஐஸ்ல வச்சாச்சு. என் கை போச்சு." யலாஞ்சி என்பது திராட்சை இலையில் சோற்றை வைத்து விரல் கனத்துக்குச் சுருட்டுவது. நானூறு என்றால் இரண்டு நாள் வேலை. ஆரா கடைக் கதவில் தொங்கவிட, ஒரு வாரம் விடுமுறை என்று பலகையே எழுதிவிட்டிருந்தான்.

கிளென் பையிலிருந்து அட்டவணையை எடுத்தான். நேர்மையானவர்களுக்கு ஆபத்துக் காலத்தில் தோன்றுகிற யோசனை அது. "இதுல எல்லாரும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. மாமா, ஜூன் நாலாந்தேதி, காலையில பத்து மணிக்கு. சித்தி, பத்தே காலுக்கு. வீடு எட்டுப் பேருக்குத்தான் எடுத்திருக்கேன்."

மிஹ்ரான் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

அரக்சி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"எண்பத்தி நாலு வயசு மனுஷன் வேண்டாம்னா, அது வேண்டாம்னு அர்த்தமாடா? எத்தன தடவை கேட்ட?"

"ஒரு தடவை, அத்தை."

"ஒரு தடவை! தெருவில போற தபால்காரனக்கூட ரெண்டு தடவை கேப்பாங்கடா தண்ணி வேணுமான்னு! ஒரு தடவை கேட்டதுக்குச் சரின்னு சொன்னா அவங்கள என்னன்னு நினைப்பாங்க? பட்டினி கிடந்தவங்கன்னுதானே? மரமண்ட! பன்னிரண்டு வருஷமா என் வீட்ல தின்னியே, மண்டையில ஒண்ணும் ஏறலியா?"

கிளெனின் காது சிவந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குரலை அவன் பக்கத்து அறையிலிருந்துதான் கேட்டிருக்கிறான். நேராக முகத்தில் வாங்கும்போது அதற்கு வேறு ஒரு வெப்பம் இருந்தது. எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"நீங்களும்தான் வேண்டாம்னீங்க. நான்தான் உங்களுக்கு வர்றேன்னு பொய் எழுதினேன்."

"பின்ன, எழுதாம?" என்று அலறினாள் அரக்சி. "என் பொறந்தநாளுக்கு நான் வராம யாரு வருவா? வாயப் பாரு இவனுக்கு! ஆரா, உன் மச்சானுக்கு வாயப் பாருடா!"

ஆரா பக்கத்தில் வந்து காதோரம், "பாதி பாரத்த நீ வாங்கிக்கிட்ட மச்சான். இன்னிக்கு என் முடியப் பத்தி ஒரு வார்த்த இல்ல," என்றான்.

அரக்சி அட்டவணையைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். தீர்ப்பு உடனே வந்தது. மரியாதையாக வேண்டாம் என்றவர்கள் ஆறு பேர். அவர்களுக்கு மாளிகை. கேட்ட மாத்திரத்தில் வெட்கமில்லாமல் கட்டைவிரலைத் தூக்கியவர்கள் ஐந்து பேர். அவர்கள் எங்காவது கூடாரத்தில் கிடக்கட்டும். அவளும் அவளைக் கவனித்துக்கொள்ளத் தலீனும் சேர்ந்தால் எட்டு, காவல்காரர் எண்ணிக்கொள்ளட்டும்.

"உன் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்க?"

முதல் வரியே அவனுடையதுதான். வருகிறேன், மெத்தை எதுவானாலும் சரி.

"அப்ப நீயும் கூடாரம்."

ஜூலையில் கலிஃபோர்னியாக் கரையில் கூடாரம் போட இடம் கிடைப்பது, அரசாங்க வேலை கிடைப்பது மாதிரி. ஆறு மாசம் முன்னாலேயே தீர்ந்துவிடும். கிளென் ஒன்பது நாள் போனை விடாமல் தடவிக்கொண்டே இருந்து, யாரோ கைவிட்ட ஒரே ஓர் இடத்தை பிக் சர் காட்டில், மாளிகையிலிருந்து நாற்பது நிமிஷத் தூரத்தில், பிடித்தான்.

முதல் இரவு போய் விடிந்தது. காடு முழுக்க மூடுபனி. மரங்களிலிருந்து கூடாரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து சின்னவர்களும் கொத்தாகத் தூங்கினார்கள். கிளென் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தபோது ஆராவின் கார் வந்து நின்றது. அரக்சி இறங்கினாள். ஒரு கையில் காபிப் பாத்திரம், ஒரு கையில் யலாஞ்சி டப்பா. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன வீடுடா பிடிச்ச? ராத்திரி ஒரு கண்ணு மூடல."

"மெத்தை சரியில்லையா அத்தை?"

"மெத்தையில படுத்தாத்தானே தெரியும்!"

ஆரா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். மாடியில் இருந்த அந்தக் கண்ணாடி அறையை அம்மா மிஹ்ரானுக்குக் கொடுத்தாள். அவர், பிறந்தநாள்காரி இருக்கும்போது நானா என்றார். அம்மா தங்கைக்குத் தள்ளினாள். சித்தி, சம்பந்தியம்மா இருக்கையில் நானா என்றாள். சம்பந்தியம்மா அழுதேவிட்டாள். "தலீன் போய்ப் படுடீன்னா அவளும், பெரியவங்க இருக்கும்போது நானான்னுட்டா. அது முடியவே ரெண்டு மணி. அப்புறம், அடுத்த நல்ல ரூமுக்கு ஆரம்பிச்சாங்க. எல்லாரும் கூடத்துல சோபாவுலயும் தரையிலயும்தான் படுத்தோம். தரை மட்டும் நல்லா சூடா இருந்துச்சு மச்சான்."

"அவ்வளவு பெரிய அறை," என்றாள் அரக்சி, அநியாயத்துக்குச் சாட்சி சொல்கிற குரலில். "ராத்திரி பூரா விளக்குப் போட்டுக் காலியாக் கிடந்துச்சு. அந்தத் துண்டு வாத்துகூடக் கலையல. இன்னிக்கும் இதே கூத்துதான் நடக்கும், எனக்குத் தெரியும். அதான் வந்தேன்."

காபியை ஊற்றி, வேண்டுமா என்று கேட்காமல் அவன் கையில் திணித்தாள்.

"நம்ம குடும்பத்துல கேட்ட உடனே சரின்னு சொல்ற வெட்கங்கெட்ட ஆம்பளை நீ ஒருத்தன்தான். சம்பந்தியம்மா இந்தக் கூடாரத்துக்கு வர்றேங்கிறா. இந்தப் பசங்களத் திட்டுறதுக்கு அங்கிருந்து முடியலியாம். நீயும் தலீனும் அந்த அறையில படுங்க. படுக்கிறியா?"

"சரி," என்றான் கிளென். சொல்லும்போதே கூடாரத்து முளையைப் பிடுங்கக் கை வைத்துவிட்டான்.

"அத விடு, அது அவளுக்கு வேணும்!" என்று அரக்சி அவன் புறங்கையில் ஓர் அடி வைத்தாள். "போ, முதல்ல போய்க் கார்ல உட்காரு. செருப்புல சேறு. தட்டிட்டு ஏறுடா!"