சீல் உடைக்காத பெட்டி, பாதி விலை

போனில் ஏலம் கேட்டு மெஷின் எடுக்கிறவனுக்கு இரண்டு சந்தோஷம் நிச்சயம்: ஏலம் அவன் பேரில் முடியும்போது ஒன்று, பார்சல்காரர் கதவைத் தட்டும்போது ஒன்று. அதற்கப்புறம் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் சிக்கல். இதைப் படிக்கிற உங்கள் கட்டிலுக்கு அடியிலும் ஒரு கிரைண்டரோ கட்டரோ மூச்சு நின்று படுத்திருக்கிறதென்றால், நாம் உறவுக்காரர்கள்.

நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. படித்துக் கற்றதில்லை, கழற்றிப் பார்த்துக் கற்றது. வீடு கோலார் தங்கவயல், அதாவது கே.ஜி.எஃப்.பில், சாம்பியன் ரீப்ஸ் ஏரியா. மனைவி ஸ்டெல்லாவுக்கு பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் பகல் வேலை. காலையில் நான் திரும்புகிற ரயிலும் அவள் போகிற ரயிலும் பங்காரப்பேட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாட்களில், ஜன்னல் வழியாக மூன்று நிமிடம் பேசிக்கொள்வோம். எனக்கு வார லீவு புதன், அவளுக்கு ஞாயிறு. மகள் நர்சிங் படிக்க மங்களூர் போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான், அந்த ஆளும் அநேகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மெஷின்களைச் சேர்த்துக்கொண்டு ஊரிலேயே ஃபிட்டிங் வேலை எடுப்பது, பகல் ஆளாக மாறுவது, சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே நான் இருப்பது. கடை விலைக்கு மெஷின் வாங்க வசதி இல்லை. போன் வீடியோவில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "கம்பெனி மூடிட்டாங்க, சீல் உடைக்காத பெட்டி, பாதி விலை" என்று கத்துவார். நாலு வருடம் அந்தக் குரலை நம்பினேன்.

கனமான பேட்டரி

முதலில் எடுத்தது, டில்லியிலிருந்து வந்தது, பேட்டரியில் ஓடுகிற ஸ்க்ரூ முடுக்கும் மெஷின். கையில் வாங்கியதும் நல்ல கனம். கனம் இருந்தால் சரக்கு இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான். ஆறு ஸ்க்ரூ அருமையாக முடுக்கியது. ஏழாவதில் முனகிவிட்டு நின்றது. எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் அதே ஆறுதான். பொறுக்க முடியாமல் பேட்டரியைப் பிளந்தேன். பத்து செல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. மிச்ச இடத்தில் மணலைப் பசை போட்டுக் குழைத்து, கனத்துக்காக அடைத்திருந்தார்கள்.

ஸ்டெல்லாவின் தம்பி சார்லஸ் பக்கத்து ஏரியாவான கோரமண்டலிலிருந்து வந்திருந்தான். எங்கள் ஊரில், சுரங்கத்தில் அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலை மலையாக நிற்கும், சயனைடு மலை என்போம். காற்றடித்தால் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும். சார்லஸ் பேட்டரி மணலை விரலில் தேய்த்துப் பார்த்தான். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமா, மணலு வேணும்னா நம்ம வூட்டுக்குப் பின்னாலயே மல மலயா கீது. அதப் போயி டில்லியில ஏலம் எடுத்தீங்களா?"

டீச்சர் வீட்டுச் சுவர்

அடுத்தது சுவரில் துளை போடுகிற ஹேமர் ட்ரில். கூடவே பன்னிரண்டு பிட், துளைக்கும் கம்பி, இலவசம். அதை நம்பி, எங்கள் ஊரிலேயே பாலகாட் ஏரியாவில் ரிட்டையராகி இருக்கும் எலிசபெத் டீச்சர் வீட்டில் தண்ணீர் ஃபில்டர் மாட்ட ஒத்துக்கொண்டேன். என் முதல் பகல் வேலை. நைட் முடித்து, ரயில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராகப் போனேன். வழியில் ரயில் ஜன்னலில் ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "சட்டைய மாத்திட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். ஆனால் ரயில் நகர்ந்த பிறகும் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

சுரங்கக் கம்பெனி காலத்துக் கருங்கல் சுவர் அது. பிட்டை வைத்து அழுத்தினேன். சத்தம் வந்தது, தீய்ந்த வாசனை வந்தது, துளை வரவில்லை. எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கியிருந்தது. இரண்டாவதுக்கும் அதே கதி. மூன்றாவது பிட் கல்லை விட்டுவிட்டு, கல் இடுக்கில் இருந்த பழைய சுண்ணாம்பில் இறங்கியது. பொலபொலவென்று கொட்டி, என் முழங்கை போகிற அளவுக்கு ஒரு பொந்து. காபியோடு வந்த டீச்சர் பொந்தையும் பார்த்தார், சிவந்திருந்த என் கண்ணையும் பார்த்தார். காசு வேண்டாம் டீச்சர், நானே பூசிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். டீச்சர் காபியை என் கையில் கொடுத்தார்.

"பொந்து எங்கயும் ஓடிப் போவாதுப்பா. நீ அந்த பெஞ்சு மேல ரெண்டு மணி நேரம் படு, எழுந்து அப்புறமா பூசு."

படுத்தேன். நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அந்தப் பூச்சு மட்டும் இன்றைக்கும் அழகாக இருக்கிறது.

ஒரு சொம்பு தண்ணீர்

கடையில் நல்ல பிட் ஒன்று வாங்கி, வீட்டுச் சமையலறைச் சுவரில் பழகிக்கொள்ள உட்கார்ந்தேன். மெஷின் சத்தம் கேட்டதும் பக்கத்து லைன் வரிசை வீட்டு அந்தோணி மாமா வந்துவிட்டார். சுரங்கம் மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் ட்ரில்லராக இருந்தவர். காற்றழுத்த மெஷினால் பாறையைத் துளைக்கிறவர்கள் கூடவே தண்ணீர் விட்டுக்கொண்டேதான் துளைப்பார்கள், இல்லாவிட்டால் கல் தூசு நெஞ்சில் இறங்கிவிடும். அப்படித் தூசு இறங்கிப் போனவர்கள் அவருடைய செட் ஆட்களிலேயே பலர். அவருக்கும் நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும்.

சுவரிலிருந்து தூசு புகையாகக் கிளம்பியதைப் பார்த்ததும் அவர் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. மாமா சமையலறைக் குடத்தில் ஒரு சொம்பு மொண்டு துளையில் ஊற்றினார், மெஷின் மேல் ஊற்றினார், என் கை மேலும் ஊற்றினார். படார் என்றது. என் கை தோள்பட்டை வரைக்கும் உதறியது. மெஷின் முடிந்தது. எங்கள் லைனில் அத்தனை வீட்டு டிவியும் ஒரே சமயத்தில் வாயை மூடின.

"இது கரண்ட் மெஷின் மாமா! உங்க காத்து மெஷின் இல்ல!" என்று நான் கத்தினேன். வாங்கிய பதினைந்தே நாளில் ஒரு மெஷின் போனால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? அவர் சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம் தோள் துண்டை எடுத்து என் மூக்கையும் வாயையும் குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைத்தார்.

"மெஷினு போனா போவுது நைனா. நீ பகல்ல தூங்கும்போது இருமறது எங்க வூடு வரைக்கும் கேக்குது."

விடாத எதிராளி

ட்ரில் போன கதையை ஜன்னல் வழியாக ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அந்த மெஷின் என்ன விலை என்று கேட்டாள். அந்த வாரமே ஏலத்தில் ஒரு பெரிய செட் வந்தது: ட்ரில், பிட், பாக்ஸ் ஸ்பேனர் எல்லாம் ஒரே சிவப்புப் பெட்டியில். சாயங்காலம் டியூட்டியில் உட்கார்ந்த கையோடு ஏலத்தில் இறங்கினேன். கேட்கிறவர்கள் பேர் தெரியாது, "இன்னொருவர் கூட்டிவிட்டார்" என்று மட்டும் வரும். எல்லாரும் ஒதுங்கிய பிறகும் ஒரே ஒரு ஆள் விடவில்லை. நான் ஏற்றினால் அவரும் ஏற்றுகிறார். கடை விலையைத் தாண்டினோம். ரோஷத்தில் இன்னும் மூன்று முறை ஏற்றிவிட்டு, நாசமாய்ப் போ என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பங்காரப்பேட்டையில் முதல் வேலையாக அதைத்தான் ஸ்டெல்லாவிடம் புலம்பினேன். யாரோ ஒரு பைத்தியக்காரன், கடைக்குப் போனாலே இதைவிடச் சல்லிசாக வாங்கலாம், அந்த அறிவுகூட இல்லை என்றேன். அவள் ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் ரயில் நகர ஆரம்பித்தது.

"அய்யய்யோ, அது நீங்களா? நான் யாரோ கான்ட்ராக்டருன்னு நெனச்சி விடாம ஏத்தினேங்க!"

பார்சல் வந்த நாள்

பார்சல் வருகிற நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு முறை நான் செத்தவன் மாதிரி தூங்கி, பார்சல் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அதனால் அவள் ஏலம் எடுத்த பெட்டி வருகிற அன்றைக்குத் தூங்குவதில்லை என்ற முடிவோடு வந்து சேர்ந்தேன். பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்திருந்தது. என்னை நம்பாமல் ஸ்டெல்லா லீவு போட்டிருந்தாள்.

காலையிலிருந்து இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் அரை மணி நேரம் ரயிலில் எதிரே உட்கார்ந்த ஆட்கள் மாதிரி மரியாதையாகப் பேசினோம். உப்பு எங்கே என்று கேட்டேன், டப்பா மாறி ஒரு வருடம் ஆகிறதாம். அரிசி பொறுக்கும்போது கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். இது எப்போது வந்தது என்று கேட்டேன். "எட்டு மாசம் ஆவுது" என்றாள். கிட்டத்தில் பார்க்கும்போது மட்டும் போடுகிற கண்ணாடி, ஜன்னலில் நான் பார்த்திருக்க வழியில்லை, லீவு நாட்களிலோ நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மத்தியானம் வெங்காயம் வெட்டினேன். மகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போன் போட்டோம். "இன்னாச்சி, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று அவள் பயந்துபோனாள்.

நாலு மணிக்குப் பார்சல் வந்தது. சிவப்புப் பெட்டி, சீல் உடைக்கவில்லை. திறந்தோம். பிட் எல்லாம் வரிசையாக இருந்தது, ஸ்பேனர் இருந்தது, கையுறைகூட இருந்தது. நடுவில் ட்ரில் படுப்பதற்கென்று பள்ளம் செய்த இடத்தில் ட்ரில் மட்டும் இல்லை. படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் 'மெஷின் தனி' என்று போட்டிருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பெட்டியும் போனது, இனிமேல் எப்போது மெஷின் சேர்ந்து, எப்போது நான் பகலில் வீட்டுக்கு ஆளாவது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஸ்டெல்லா பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மெஷின் மெஷின்னு நாலு வருஷமா சொல்றீங்க. எனக்கு பகல் ஷிப்ட் குடுங்கன்னு அங்க யாரையாவது ஒரு தடவ கேட்டீங்களா?"

சூப்பர்வைசர்

கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், கேட்காமலே அது கிடைக்காது என்று முடிவு கட்டியிருந்தேன். சொந்தத் தொழில் வைக்கிற தைரியம் இருந்தது, ஒரு வார்த்தை கேட்கிற தைரியம் இல்லை. உங்களில் யாருக்காவது இது புரியும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சூப்பர்வைசர் மஞ்சுநாத்தின் மேஜை முன்னால் போய் நின்றேன். மாலூர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், 'என்னங்க இது' என்பதற்கு 'அல்லா ரீ' என்பார். நைட் அலவன்ஸ் போனாலும் பரவாயில்லை சார் என்று ஆரம்பித்து, வீடு, ரயில், ஜன்னல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அல்லா ரீ, பகல் ஆளு ரெண்டு பேரு நைட்டு குடுங்கன்னு ஒரு வருஷமா கேட்டுட்டிருக்காங்க. நீங்க வாயே தெறக்கலியா, உங்களுக்கு நைட்டுதான் இஷ்டம்னு நெனச்சி நான்தான் அவங்களைத் திட்டி அனுப்பினேன்!"

இப்போது காலையில் ஸ்டெல்லாவும் நானும் ஒரே ரயிலில் போகிறோம். பேசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், அவளோ வழியில் மாலூர் ஸ்டேஷன் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள், நானும் எழுப்புவதில்லை.

நாலு வருடத்தில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததிலேயே, இந்தப் பகல் ஷிப்ட் ஒன்றுதான் பெட்டியும் வாரண்டி கார்டும் இல்லாமல் வந்து, மூன்று மாதமாகப் புகையாமல் ஓடுகிறது.