படைக்கும் முன் எடுத்து வைத்தது

அம்மா கிறிஸ்தவள். அப்பா முருக பக்தர். படைத்த சோற்றை அம்மா தொடமாட்டாள். அதனால் எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் அமாவாசைதோறும், இறந்துபோன தன் பெற்றோருக்கு இலை போடும் முன், அப்பா அவள் பங்கைக் கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்துவிடுவார்.

அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபின் வந்த முதல் அமாவாசைக்கு அத்தை வந்திருந்தாள். அம்மா படத்தையும் வைத்துப் படைக்க வேண்டுமாம்.

“செத்தப்புறம் என்னண்ணா மதம்? அண்ணியும் இந்த வீட்டு மனுஷிதானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இருந்தவரை மதம் பற்றி அவளிடம் இப்படிப் பேச அத்தைக்குத் துணிச்சல் இருந்ததில்லை. நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

“அவ வேணாம்னு சொன்னதை, அவளால வேணாம்னு சொல்ல முடியாதப்ப செய்யக் கூடாதும்மா.”

பிறகு வழக்கம்போலக் கிண்ணத்தில் முதலில் சோறும் சாம்பாரும் எடுத்து, மேலே ஒரு வடையை வைத்து மூடினார். அப்புறம்தான் படைத்தார். மொட்டைமாடியில் வைத்த சோற்றைக் காக்கைகள் மிச்சமில்லாமல் தின்றன.

கீழே இறங்கி வந்த அப்பா அம்மாவின் அறைப் பக்கம் திரும்பி, “உனக்குத் தனியா எடுத்து வெச்சி...” என்றார்.

கிண்ணம் சாயங்காலம்வரை மூடியே இருந்தது.