எல்லாப் பேருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்து

எண்டர் விசையை அழுத்துமுன் மஜீதாவின் உதடுகள் அசையும். திரையில் எழுதிய கட்டளையைத் தமக்குத் தாமே ஒருமுறை படித்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் துஆ ஓதுகிறார் என்று நினைத்து, ஓசைப்படாமல் நடப்பார்கள். அந்த நினைப்பை அவர் கலைத்ததே இல்லை. வேலை அமைதியாக நடக்கிறதே!

தில்லை நகரில் ஆம்னி பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. எந்த பஸ், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த சீட்டில் யார், எல்லாம் அவர் கைக்குள். அபிப்பிராயங்களுக்கும் பஞ்சமில்லை. "பேக்கப் எடுத்தேன்னு சொல்லாதீங்க, தொறந்து பாத்தேன்னு சொல்லுங்க" என்பார். புது மென்பொருளுக்கு மாறலாமே என்று யாராவது ஆரம்பித்தால், "மொதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்பவும் மாறணும்னு தோணுச்சுன்னா இன்னொரு டீ குடிங்க." பாலக்கரை வீட்டில் பழைய குழம்பைக் கொட்டுவதற்குக்கூட, புதுக் குழம்பை ருசி பார்த்த பிறகுதான் உத்தரவு கிடைக்கும். கணவர் தாஜுதீன் இதில் வாயைத் திறப்பதில்லை, சாப்பிட மட்டும் திறப்பார்.

வைகுண்ட ஏகாதசி நெரிசலில்தான் வந்தது வினை. உப்பிலியபுரம் சிறப்பு பஸ் ஒன்றை மட்டும், ஸ்ரீரங்கத்திலிருந்து காலை ஒன்பதரைக்குக் கிளம்பும்படி மாற்ற வேண்டும். மஜீதா கட்டளையை எழுதினார், படித்தார், எல்லாம் சரி. அதைக் கணினியில் இயக்குவதற்காக மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தபோது கடைசி வரி விட்டுப் போனது. 'உப்பிலியபுரம் பஸ்ஸுக்கு மட்டும்' என்று சொல்லும் வரி அதுதான். நாகர்கோவில் பஸ், பெங்களூர் பஸ் என்று அத்தனையும் ஒரே காலையில் ரங்கநாதரைச் சேவிக்க ஸ்ரீரங்கத்தில் கூடிவிட்டன; பயணிகளுக்கும் அப்படியே குறுஞ்செய்தி போய்விட்டது.

"நான் ஓசூர்ல பெட்டியோட நிக்கறேன். என்னை எதுக்குங்க ஸ்ரீரங்கம் வரச் சொல்றீங்க?" என்று போனில் ஒருவர் கத்தினார்.

மஜீதா பேக்கப்பைத் திறந்தார். நல்லவேளை, அன்று காலை திறந்து பார்த்து வைத்த பிரதி கைகொடுத்தது. மேசையிலிருந்த டீ ஆறுவதற்குள் பஸ்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிவிட்டன.

அதற்குள் மேலாளர் சந்திரசேகர் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஷெர்லின். வேறு யாராக இருக்க முடியும்?

"நாளையிலேருந்து வர வேண்டாம்மா" என்றார். ஷெர்லினுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சார், அது நான்தாங்க பண்ணேன்" என்றார் மஜீதா.

"நீங்களா? சும்மா அந்தப் பொண்ணக் காப்பாத்தாதீங்க மேடம். சொன்னா யாராவது நம்புவாங்களா?"

இத்தனை வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர் இப்படிக் குறுக்கே வந்து நிற்குமென்று அவர் நினைக்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் சார், நான் தப்புப் பண்ண மாட்டேனா? யாரு எதை மாத்துனாங்கன்னு பதிவாகுற லாக்ல என் பேரு இருக்கு. படிங்க. சத்தமாப் படிங்க!"

சந்திரசேகர் படித்தார். மஜீதாவின் பெயர், மஜீதாவின் கணினி. படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. கடைசியில் ஷெர்லின் பக்கம் திரும்பி, "நாளைக்கு வந்துரும்மா" என்று முனகிவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

மஜீதா இருக்கைக்கு வந்து மவுஸின் வயரை உருவினார். அதை நிதானமாகச் சுருட்டி ஷெர்லினின் மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"நானே கேட்டாலும் குடுத்துராதம்மா" என்று சொல்லி, பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.