சவலைக் குஞ்சும் என் வஞ்சமும்

மாலை நான்கு மணியானால் உடம்பு காய ஆரம்பித்துவிடும். பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. இருமலைத் தூசியால் வந்தது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் (காற்றின் வழியே தொற்றும் கிருமி நுரையீரலை அரிக்கும் நோய்) என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை. அப்போது என் எடை முப்பத்தாறு கிலோ.

பொம்மனஹள்ளியில் மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை எங்களுடையது. கீழ்வீட்டில் என் கணவர் முருகனின் அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி கலா அக்கா, நோயின் பெயரைக் கேட்ட அன்றே பிள்ளைகள் மாடிக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதில் தப்பில்லை. ஆரம்பத்தில் தொற்றும். ஆனால் மறுபரிசோதனை முடிந்து, “இனிமே யாருக்கும் ஒட்டாதும்மா” என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள். துணி காயப்போட வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதை நான் மன்னிக்கவில்லை.

டாக்டர் தினமும் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார். முருகன் ஓசூர் சந்தையிலிருந்து ஒன்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தார். இவை முட்டை போடுவதற்குள் என் மாத்திரையே தீர்ந்துவிடும் என்றேன்.

“தனியாவே கெடக்கற இல்ல. துணைக்கு இருக்கட்டும்” என்றார்.

மூன்று வாரத்தில் எட்டுக்கு இறகு முளைத்துவிட்டது. ஒன்பதாவது மட்டும் வந்த அன்றிருந்த பஞ்சுமயிரோடு, தீப்பெட்டி அளவில் நின்றது. தீனிக்கு அது வந்து சேர்வதற்குள் தட்டு காலியாகிவிடும். நின்றபடியே கண் மூடித் தூங்கும்.

துணி காயப்போட வந்த கலா அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“இது சவலைடி செல்வி. தூக்கிப் போட்டுடு. நோவு புடிச்சத கூட வச்சிருந்தா நல்லா இருக்கறதும் கெட்டுப்போயிடும்.”

குஞ்சைப் பற்றிச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“இது சாவாதுக்கா. உங்க கண்ணு முன்னாடி முட்ட போடும்” என்றேன்.

இரக்கத்தால் அதை வளர்த்தேன் என்று எழுதினால் பொய். வஞ்சத்தால் வளர்த்தேன்.

அடுத்த வாரமே அதற்கு இரத்தக் கழிச்சல் (குடலில் நுண்ணுயிர் தாக்கி எச்சத்தோடு இரத்தம் போவது) வந்தது. துணிப்பையில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கன்னடம் பேசும் பெண் டாக்டர். தண்ணீரில் கலக்க மருந்து தந்துவிட்டு, எனக்காகத் தமிழில் பேசினார்.

“ஃபுல்லா பிரிச்சு வைக்கக் கூடாதும்மா. அப்பறம் மத்தது இதை சேத்துக்காது. நடுவுல ஜாலி போடுங்க. ஒண்ணை ஒண்ணு பாத்துட்டே இருக்கணும்.”

கம்பிவலையை வளைத்து நடுவில் வைத்தேன். எனக்குக் கடையில் வாங்கிய முட்டையின் மஞ்சள்கருவில் பாதியை மசித்து அதற்கு ஊட்டினேன். அது வாயைத் திறக்காவிட்டால் திட்டுவேன். மாத்திரையால் வந்த சிவப்புச் சிறுநீரும் குமட்டலுமாக, அதுவே வேண்டாம் என்று தோன்றிய காலைகளில், அந்தக் குஞ்சு விழுங்கிய பிறகு நானும் விழுங்கினேன்.

சதை கொஞ்சம் பிடித்ததும் வலையை எடுத்தேன். ஒரு பெரிய பெட்டை ஓடி வந்து இதன் முதுகில் இரத்தம் வரக் கொத்தியது. மறுநாளும் கொத்தியது. அந்தப் பெட்டைக்குக் கலா என்று பெயர் வைத்தேன். முருகனிடம்கூடச் சொல்லவில்லை.

கொத்துவதைத்தான் தனியே அடைக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. பிடித்து அட்டைப்பெட்டிக்குள் போட்டேன்.

“கலா, மூணு நாளு உள்ளயே கெட. அப்பதான் உனக்குப் புத்தி வரும்.”

பின்னால் பக்கெட் வைக்கும் சத்தம். திரும்பினேன். கலா அக்கா நின்றிருந்தாள்.

“யாரடி கலாங்கற?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். “கொத்தறதக்கா” என்றேன்.

அவள் முகம் சிவந்தது. முந்தானை வாயிலிருந்து நழுவியது. “ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்டி. எனக்குப் பயம் இருக்காதா?”

“டாக்டர் சொன்ன அப்பறமும் பயமாக்கா?”

காயப்போடாமலே ஈரத்துணியோடு இறங்கிப் போனாள். அன்று மதியம் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது.

பெட்டியிலிருந்து வெளியே வந்த பெட்டை அடங்கியிருந்தது. சவலைக் குஞ்சு கூட்டத்தின் ஓரமாகத் தின்னப் பழகியது.

ஆறாம் மாதக் கடைசியில் என் சளியில் கிருமி இல்லை. எடை நாற்பத்து நான்கு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வடு தெரிகிறது. அது போகாது என்றார் டாக்டர்.

மற்றப் பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, சவலை தன் முதல் முட்டையை இட்டது. எலுமிச்சம்பழ அளவுதான். சூடு ஆறுவதற்குள் கீழே எடுத்துப் போனேன்.

கலா அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “அதுவா? பொழச்சிடுச்சா?”

“பொழச்சிடுச்சுக்கா.”

வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. காட்டிவிட்டு மேலே வந்து, பொரித்து நானே தின்றேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன் பிறகு முந்தானையால் வாயைப் பொத்தவும் இல்லை.

இதே மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனசு நல்லதாக இருந்தால்தான் உடம்பு தேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மனசு நல்லதாக இல்லை. ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் விடவில்லை, அவ்வளவுதான்.

நோய் வருவதற்கு முன்பெல்லாம் கலா அக்கா கீழேயிருந்து கூப்பிட்டால் மூச்சிரைக்க ஓடுவேன். இப்போது ஒவ்வொரு படியாக இறங்குகிறேன். நடுப்படியில் நின்று மூச்சை உள்ளே இழுக்கிறேன். வடு உள்ள இடத்தில் லேசாகப் பிடிக்கிறது, பிறகு விடுகிறது. அவள் மறுபடி கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும். இன்னொரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பேன்.