விளக்கா, குடமா?

ரொறன்ரோவை ஒட்டிய ஒரு நகரசபையில் இருபத்திரண்டு வருடம் கிளார்க் ஒஃபிஸ் கவுண்டரில் இருந்தேன். நாய் லைசென்ஸ் முதல் கலியாண லைசென்ஸ் வரை என் கையால் போயிருக்கிறது. தேர்தல் வந்தால் மோர்னிங்சைட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியவே காரை எடுத்துக்கொண்டு வாக்களிப்பு நிலையத்துக்கு ஓடுவேன். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். கெட்டித்தனங்களைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1. தமிழ்த் தாள்

ஒருமுறை கவுன்சிலர் தேர்தலோடு வாக்காளரிடம் ஒரு கேள்வியும் கேட்டார்கள். ஊர் நடுவில் இருந்த பொது மைதானத்தை விற்கும் யோசனை நகரசபைக்கு. சனத்தைக் கேட்டுவிட்டே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். வக்கீல்மார் எழுதிய கேள்வியைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே முடித்துவிட்டேன்.

“பொது மைதானத்தை நகரசபை விற்பதை நீங்கள் எதிர்க்கிறீர்களா? ஆம் / இல்லை.”

சொல்லுக்குச் சொல் சரி. எனக்கு நல்ல புழுகம், பெருமை தாங்கவில்லை. விற்க வேண்டாம் என்கிறவர் ‘ஆம்’ என்று போட வேண்டுமே, அது எவ்வளவு கோணல் என்று என் மண்டையில் ஏறவேயில்லை.

சூப்பவைசர் ஜேனட் பயிற்சியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். கேள்வியை எத்தனை தரமும் வாசிக்கலாம், விளக்கம் மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை போகும்.

2. சிவபாதம் அண்ணை

சிவபாதம் அண்ணைக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அந்த வருடம்தான் சிட்டிசன் ஆனார். பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க மூன்று தரம் கவுண்டருக்கு வந்தார்.

“அண்ணை, போன கிழமையும் பாத்தனாங்கள். இருக்கு.”

“இருக்கட்டும் பிள்ளை, இன்னொருக்காப் பாருங்கோ. நான் கடைசியா வோட்டுப் போட்டது எண்பத்திரண்டிலை.”

மைதானத்தைப் பற்றியும் அவரே சொன்னார். “வீட்டிலை எல்லாரும் பிறம்ரனுக்கு வேலைக்குப் போயிடுவினம். உந்தக் கிரவுண்டிலைதான் நாலு பேரோடை வாய் திறந்து கதைக்கிறன். அதையும் வித்தா நான் சுவரோடைதான் கதைக்கோணும்.”

வாக்களிப்பு நாளன்று அயர்ன் பண்ணின சேர்ட்டோடு வந்தார். சீட்டைக் கையில் கொடுத்து, “ஊரிலை மாதிரிக் கோடு கீறிப் புள்ளடி போடாதேங்கோ அண்ணை, வட்டத்தை நிரப்புங்கோ” என்றேன். மறைப்புக்குப் பின்னால் போனவர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இதிலை எது விளக்கு, எது குடம்?”

எண்பத்திரண்டில் இலங்கையில் தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டலாமா என்று சனத்திடம் கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். என்னைப் பெற்ற ஐயாவும் குடத்துக்குத்தான் போட்டார். யாழ்ப்பாணமே குடத்துக்குப் போட்டது. நாட்டில் விளக்கு வென்றது.

நான் கேள்வியை வாசித்தேன். ஜேனட் இரண்டடி தள்ளி நின்றார்; அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் சொன்ன விதி எனக்குத் தெரியும்.

“விளங்குது. விக்க வேண்டாம் எண்டு சொல்லோணும். ‘இல்லை’ எண்டது குடம்தானே?”

“ஓம் அண்ணை, ‘இல்லை’ எண்டது குடம்.”

சொல்லி வாயை மூடவில்லை, ஐயோ என்றிருந்தது. இந்தத் தாளில் ‘இல்லை’ என்றால் விற்கச் சொல்வதாகிவிடும். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் மனிதரைக் குழியில் தள்ளியது. கேள்வியை இன்னொரு தரம் வாசித்தேன், ‘எதிர்க்கிறீர்களா’ என்ற சொல்லை அழுத்தி அழுத்தி.

“விளங்குது பிள்ளை, விளங்குது. அண்டைக்குக் குடத்துக்குப் போட்டும் தோத்துப்போனம். இண்டைக்காவது பாப்பம்.”

‘ஆம்’ போடுங்கோ, இரண்டே சொல் போதும். நான் மறைப்பை விட்டு வெளியே வந்தேன். வாக்கு எண்ணும் மெஷின் அவருடைய சீட்டை இழுத்துக்கொண்டது.

3. லட்டுப் பெட்டி

எதிர்த்தவர்கள் வென்றார்கள். மைதானம் தப்பியது. அடுத்த கிழமை சிவபாதம் அண்ணை ஒரு பெட்டி லட்டோடு கவுண்டருக்கு வந்தார்.

“வெண்டிட்டம் பிள்ளை! சீவியத்திலை முதல்தரம் நான் போட்டது வெண்டிருக்கு. இஞ்சை கேட்டவங்கள், நான் சொன்னன், நடந்திட்டுது. காணும் எனக்கு, வேறை என்ன வேணும்.”

அவருடைய வாக்கு தோற்ற பக்கத்தில் கிடந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ஓம் அண்ணை, வெண்டிட்டம்” என்று ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் கேள்வியைத் தமிழாக்கினாலும் முதலில் வயதான மூன்று பேருக்குப் போனில் வாசிப்பேன். “நீங்கள் என்ன விரும்புறியள்? அப்ப எதிலை போடுவியள்?” என்று கேட்பேன். இரண்டும் பொருந்தாவிட்டால் தாளோடு ஜேனட்டின் அறைக்குப் போய்ச் சண்டை பிடிப்பேன். ஒரு கேள்வியை அப்படித் திருப்பி எழுத வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். சண்டையைத் தாள் அச்சுக்குப் போக முதல் பிடியுங்கள்.

அந்த இரண்டு நிமிடம் திரும்பக் கிடைத்தால் வேலை போனாலும் பரவாயில்லையென்று உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். சொல்லியிருக்க மாட்டேன். விதி சரி, என் தாள்தான் பிழை. ஆனால் அந்த மனிதர் ஒரே ஒருதரமாவது உண்மையாகவே வென்றிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஏக்கம் என்னை விடுவதாயில்லை.