கீழ் பிளாக்குக்காக ஒரு களி

செஸ்ஸுல வெள்ளைக் கருவ, அதான் காய, வச்சு விளையாடி நான் ஒருத்தன்கிட்டயும் தோத்ததே கிடையாது. சும்மா செல்லுதேன், நம்பிப் போடாதீங்க. எங்க லயத்துப் பூனைகிட்ட மட்டுந்தான் தோக்கல்ல. அது பலகையில ஏறிப் படுத்துக்கிடும்.

குலசேகரத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல எனக்குப் பால்வெட்டு. யாரு எந்த பிளாக்கு மரத்த வெட்டணும்னு மாத்துற நேரம். கீழ் பிளாக்கு, நாங்க குடியிருக்குற லயத்துக்கு ஒட்டினாப்புல. மேல் பிளாக்கு மலை மேல, கீழ நின்னு கூவினா கேக்காது. எனக்க பெஞ்சாதிக்கு நிறமாசம். கீழ் பிளாக்கு தரணும்னு கணக்கப்பிள்ளைகிட்ட கெஞ்சினேன். அவருக்கு செஸ் கிறுக்கு.

"ஞாயித்துக்கிழமை என்னை ஜெயிச்சிரு, தாறேன். வெள்ளையும் நீயே எடு. ஆனா வெள்ளைக்காரன் சட்டம், கேட்டியா?"

நமக்குத் தெரிஞ்சது நாட்டுக் களி, ஊருல ஆடுற செஸ் ஆட்டம். அதுல ராஜா, செக் வாங்காத வரைக்கும், ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி துள்ளலாம். வெள்ளைக்காரன் சட்டத்துல துள்ளல் இல்ல. மூலையில உள்ள தேரைப் பக்கத்துல நிறுத்தி ராஜாவுக்குக் கோட்டை கட்டணும்.

ரப்பர் ஷீட்டு ஏத்த வாற களியக்காவிளை லாரி டிரைவர்தான் கருவ நீக்க, அதாவது நகத்த, ஒரு வரிசை செல்லித் தந்தான். ராஜாவுக்கு முன்னால உள்ள காலாள் ரெண்டு கட்டம், அப்புறம் குதிரை, அப்புறம் கோணலா ஓடுற ஆனை, உடனே கோட்டை.

"இவ்வளவுதான் மக்கா. பெறவு தானா வரும்."

வெட்டுற மரத்துக்கு ஒரு நீக்கமா முணுமுணுத்துப் படிச்சேன். 'குதிரை'ன்னு செல்லுற மரத்துல எல்லாம் கத்தி ஆழமா இறங்கிச்சு. கங்காணி வஞ்சது தனிக் கதை.

ஞாயித்துக்கிழமை கணக்கப்பிள்ளை வீட்டு வராந்தாவுல தோட்டமே கூடியாச்சு. காலாள், குதிரை, ஆனை, எல்லாம் சரியா வச்சேன். அவரு கண்ணாடிக்கு மேல கூடி ஒரு பார்வை பார்த்தாரு. அவ்வளவுதான், தலைக்குள்ள இருந்த வரிசை ஆவியாப் போச்சு. விரலு பழைய வழக்கத்துல ஓரத்துக் காலாளுக்குப் பக்கத்து ஆளை ஒரு கட்டம் தள்ளிச்சு. அடுத்த நீக்கத்துல ராஜாவத் தூக்கி, அந்தக் காலி எடத்துல துள்ள வச்சேன்.

"அது ராஜாவா டே, குதிரையா?"

வராந்தாவே சிரிச்சுது. தொட்ட கருவ நீக்கியே ஆகணும்னாரு. பதட்டத்துல கோட்டை நினைவுக்கே வரல்ல, ராஜாவ ஒரு கட்டம் பக்கத்துல வச்சேன். ராஜா அசைஞ்சாச்சு, இனி கோட்டை கிடையாது.

"துள்ள விடல்லேன்னா நடந்து போறேன் ஐயா"ன்னேன். அடுத்த நீக்கத்துல அதே எடத்துக்கு நடந்தேன்.

அந்த இடைவெளியில அவருக்க மந்திரி, நீங்க செல்லுற ராணி, எனக்க பக்கம் பாஞ்சு ஒரு காலாளத் தின்னுச்சு. எல்லாரும் "போச்சு டே"ன்னாங்க. நான் பலகையவே பார்த்தேன். குதிரைய ஒரு எடத்துல வச்சா மந்திரிக்கு வெளிய போக வழி இல்ல. மறுபடியும் பார்த்தேன். மெய்தான், வழி இல்ல. கணக்கப்பிள்ளையும் அப்பதான் கண்டாரு. அவருக்க கால் ஆடுறது நின்னுச்சு.

குதிரையத் தூக்கக் கைய நீட்டினேன். வாசல் முத்தத்துல இருந்து பக்கத்து லயத்துக்காரி கூவினா.

"அண்ணே! அவளுக்கு நோவு எடுத்தாச்சு, ஓடி வாங்க!"

"களி முடியாம எந்திரிச்சா தோத்த கணக்கு டே. மேல் பிளாக்குதான்"ன்னாரு கணக்கப்பிள்ளை.

அவரு செல்லி முடிக்கிறதுக்குள்ள நான் படி இறங்கியாச்சு.