இலங்கையை இடம் மாற்றியவள்

பூமியின் படத்தை நான்தான் திருப்பி ஒட்டினேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே, பொறாமையில்!

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிலிம் ஒட்டுவது என் வேலை. படம் நிறத்துக்கு ஒன்றாக நாலு பிலிமிலும் எழுத்து வேறொரு பிலிமிலும் வரும். இடம் பார்த்து ஒட்டிக் கொடுத்தால் அதிலிருந்து பிளேட் எடுப்பார்கள். படத்தின் பிலிம்களைப் புரட்டி ஒட்டிவிட்டால் இடம் வலமாகிவிடும். ஆசீர்வதிக்கும் சாமியின் கை இடக்கையாகிப் போகும். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதைத்தான் செய்தேன்.

சுகந்தி எனக்குக் கீழே தொழில் பழகிய பெண். ஆனைக்குட்டத்திலிருந்து கம்பெனி வேனில் என்னோடு வருவாள். அச்சில் கழிந்த பாடப்புத்தகத் தாள்களைப் பொறுக்கிப் படித்து, விண்வெளி வீரர்களின் கதையை வழியெல்லாம் சொல்லுவாள்.

"அங்கன தூங்கணும்னா செவுத்தோட சேத்துக் கட்டிக்கிடணுமாம்க்கா. இல்லேன்னா மெதந்து போயிருவாகளாம். தண்ணிய ஊத்துனா கீழ விழாதாம், உருண்டையா நிக்குமாம். ஒரு நாளைக்குப் பதினாறு மட்டம் பொழுது விடியுமாம்!"

"அப்பப் பதினாறு மட்டம் ஒல வைக்கணுமாடி?" என்று ஒருத்தி கேட்க, வேனே சிரித்தது.

அவள் வருவதற்கு முன் அந்த வேன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என் மாமியாரை நான் நடித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவள் கொண்டுபோய்விட்டாள். என் வயிறு எரிந்தது... சொல்லக் கூசுகிறது, ஆனால் எரிந்தது.

விஷயம் முதலாளி காதுக்கும் எட்டியது. விண்வெளி வாழ்க்கையை வைத்தே ஒரு மாதக் காலண்டர் போடுவோம் என்றார். படங்களுக்குக் கீழே வரும் வரிகளை அவளையே எழுதச் சொன்னார். நன்றாகப் போனால், அடுத்த சீசனில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் வேலை அவளுக்கு! அந்த நாற்காலிக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன், தெரியுமா உங்களுக்கு?

கடைசித் தாளில் மேலிருந்து எடுத்த பூமி. நீலக் கடல், மேகம், நம் தெற்கு முனை, பக்கத்தில் இலங்கை. சுகந்தி அதை ஒட்டி முடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்குள்ள நம்ம ஊரும் இருக்குல்லக்கா?"

அந்தச் சந்தோஷத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் சாப்பிடப் போனதும், நாலு நிறத்தின் பிலிமையும் உரித்து, புரட்டி, அதே இடத்தில் ஒட்டினேன்.

சீசன் அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. லோடு போய்விட்டது. தூத்துக்குடி ஏஜென்ட்தான் போனில் கேட்டாராம்: "என்ன மொதலாளி, இலங்கையத் தூக்கிக் கேரளாப் பக்கம் போட்டுட்டீக?"

லோடு திரும்பி வந்தது. முதலாளி சுகந்தியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் மறுப்பாள், விசாரணை என் பக்கம் திரும்பும் என்று பயந்து கிடந்தேன். அவளோ தன்னையே சந்தேகப்பட்டாள்!

"நேராத்தான் ஒட்டுனேன்னு நெனச்சேன்க்கா... பராக்குப் பாத்துக்கிட்டே மாத்தி ஒட்டிட்டேன் போல," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் என்ன செய்தேன்? அவளுக்காக முதலாளியிடம் பரிந்து பேசினேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன்! அவளைத் தாள் அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் நாற்காலி எனக்கு வந்தது. வேனில் அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை. என்னை நடிக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

இப்போது கல்யாணமாகிச் சூலக்கரையில் இருக்கிறாள். முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது... அவளிடம் ஏன் முடியவில்லை? போன மாதம், சொல்லியே தீருவது என்றுதான் போனேன். காப்பி கொடுத்தாள். குடித்தேன். பஸ் ஏற்றிவிட என்னோடு கிளம்பினாள்.

கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். தெருமுனை வரை வந்தவள், திரும்ப ஓடிப்போய் மறுபடி இழுத்துப் பார்த்தாள். அப்புறமும் மனம் கேட்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஒரு மட்டம் பாருங்கக்கா. அந்தக் காலண்டர்லருந்து என் கைய நானே நம்புறதில்ல."

போய் இழுத்துப் பார்த்தேன்.

"பூட்டியிருக்குடி," என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.